யாருடைய வினை இந்தக் கிருமி?

கிருமிக்கு உயிர் உண்டா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் நயினார்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள். வந்தவாசிக்குப் பக்கத்தில், பொன்னூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஊர். மலைமேல் ஆசாரியர் குந்தகுந்தரின் பாதம் இருக்கிறது. நீரிலும் மண்ணிலும் கிழங்கின் தோலிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைந்திருக்கின்றன என்பது நாங்கள் நுண்ணோக்கி பார்ப்பதற்கு முன்பே கேட்டுப் பழகிய செய்தி. நிகோத சீவன்கள் எண்ணிறந்தவை ஒரே உடலில் குடியிருக்கும், சேர்ந்தே உண்ணும், சேர்ந்தே சாகும், நாம் ஒரு மூச்சு விடுவதற்குள் பதினெட்டு முறை பிறந்து இறக்கும் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுவார்கள். பாக்டீரியாவும் நிகோதமும் ஒன்றுதானா என்பதில் பண்டிதர்களுக்குள் சண்டை உண்டு. எனக்கு அதில் அக்கறை இல்லை. நான் நுண்ணுயிரியல் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் எழுந்த கேள்வி வேறு: "அதை வெச்சு என்னம்மா பண்ணுவே?"

வளர்ப்பேன், பெயர் கண்டுபிடிப்பேன், எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பேன், கடைசியில் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கொல்வேன். சென்னையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஓய்வு பெறும்வரை இதுதான் என் பிழைப்பு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்: பகலெல்லாம் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டு, சாயங்காலம் சோற்றில் ஒரு பூச்சி விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறாளே!

இதற்குப் பெரியப்பா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், சாத்திரங்களை முறையாகப் பாடம் கேட்டவர். இல்லறத்தாருக்கு எங்கள் சமயம் இம்சையை நான்காகப் பிரிக்கிறது. கொல்ல வேண்டும் என்றே கொல்வது சங்கற்பம். அடுப்பு எரிப்பது, வீடு பெருக்குவது போன்றவற்றில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தாக்க வருவதைத் தடுக்கையில் நேர்வது விரோதம். முதலாவதை இல்லறத்தார் அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். "உன்னோடது மூணாவதும் நாலாவதும். கணக்கு சரியாப் போச்சு, போய் வேலையைப் பாரு" என்றார். அந்தக் கேள்வி எனக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

தீராத கேள்வி, கிருமிகளை வம்சவாரியாக வகைப்படுத்தும் டைப்பிங் வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகு வந்தது.

ஒரு நோயாளியின் இரத்தத்தில் கிளெப்சியெல்லா வளர்கிறது. மெக்கான்கி அகாரில் ரோஜா நிறத்தில், சளி மாதிரி கொழகொழவென்று. மெரோபெனம் என்ற மருந்து தோய்த்த டிஸ்க்கைச் சுற்றித் தெளிந்த வளையமே இல்லை. சரி, எதிர்ப்புப் பெற்ற கிளெப்சியெல்லா. மருத்துவருக்கு அன்றைக்கு அது போதும். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அதே முடிவு வந்தால், இரண்டும் ஒரே கிருமியா, அல்லது பெயர் மட்டும் ஒன்றான வெவ்வேறு கிருமிகளா? முன்பு இதற்கு பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் என்று ஒரு முறை இருந்தது. டி.என்.ஏ.வை நொதியால் பெரிய துண்டுகளாக வெட்டி, திசை மாறி மாறிப் பாயும் மின்புலத்தில் ஓடவிட்டால் கோடு கோடாகப் பிரியும். கோடுகள் ஒத்துப்போனால் உறவு. ஒரே ஆய்வகத்துக்குள் அருமையான முறை. எங்கள் ஜெல்லையும் லண்டன் ஜெல்லையும் ஒப்பிடு என்றால் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு வாதம் நடக்கும்.

1998இல் மார்ட்டின் மெய்டனும் அவருடைய சகாக்களும் முன்வைத்த முறை அந்த வாதத்தை ஒழித்தது. கிருமி உயிர்வாழ அன்றாடம் தேவைப்படும் மரபணுக்கள் சிலவற்றை, கிளெப்சியெல்லாவுக்கு ஏழு, எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றிலும் சில நூறு எழுத்து நீளமுள்ள பகுதியைப் படிப்பார்கள். அந்த எழுத்துத் தொடரின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண். ஏழு எண்கள் சேர்ந்தால் ஒரு வகை எண்: எஸ்.டி. 14, எஸ்.டி. 258 என்று. கிளெப்சியெல்லாவுக்கான பதிவேடு பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் இருக்கிறது. சென்னையில் படித்தாலும் ஆஸ்லோவில் படித்தாலும் எழுத்து ஒன்று என்றால் எண்ணும் ஒன்று. இன்று முழு மரபணுத் தொகுதியையே படித்துவிடுகிறார்கள்; ஆனாலும் பேச்சில் இன்னும் அந்த எஸ்.டி. எண்தான் ஓடுகிறது.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்த விஷயம் ஒன்று. அந்த ஏழு மரபணுக்களையும் தேர்ந்தெடுத்தபோது, மருந்து எதிர்ப்பைக் காட்டுவதற்காக எடுக்கவில்லை. மெதுவாக மாறுபவை என்பதால் எடுத்தார்கள். அதாவது எஸ்.டி. எண் அந்தக் கிருமி யாருடைய வம்சம் என்று சொல்லும். அது என்ன செய்தது, என்ன செய்யும் என்று அந்த எண்ணில் எதுவும் இல்லை.

2010 ஆகஸ்டில் இந்த வேறுபாடு தெருச் சண்டையாக வெடித்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுவீடன்வாசி ஒருவர் டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். 2008 தொடக்கத்தில் அவருடைய சிறுநீரில் கண்ட கிளெப்சியெல்லா, எஸ்.டி. 14, மெரோபெனம் முதலான கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் புதிய நொதியொன்றை வைத்திருந்தது. அதற்கு நியூடெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். அடுத்து லான்செட் தொற்றுநோய் இதழில் பெரிய கட்டுரை. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. உடன் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோத்தி வால்ஷ் முதலானோர். சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 கிருமிகளில் அந்த நொதி. நம் நாட்டில் கொதித்தெழுந்தார்கள். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெளிநாட்டார் செய்யும் சதி என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். பெயர் வைத்ததற்கு லான்செட்டின் ஆசிரியரே பிற்பாடு வருத்தம் தெரிவித்தார்.

நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. ஊர்ப் பெயர் வைப்பது அந்தத் துறையின் பழைய வழக்கம். விம் என்ற நொதியில் வெரோனா இருக்கிறது, எஸ்.பி.எம்.மில் சாவோ பாவ்லோ இருக்கிறது, அங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. அதே சமயம், அமெரிக்காவின் வட கரோலினாவில் முதலில் கண்ட கே.பி.சி. நொதியின் பெயரில் வட கரோலினா இல்லையே என்று கேட்டவர்கள் தப்பாகவும் கேட்கவில்லை. டெல்லி, மும்பை, புனே மருத்துவமனைகளிலிருந்து 2006, 2007இல் சேகரித்து வைத்திருந்த கிருமிகளைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது அவற்றிலும் என்.டி.எம்.-1 இருந்தது; ஆகவே பெயர் அபாண்டமும் இல்லை.

ஆனால் அந்தக் கூச்சலில் கட்டுரையின் ஒரு வரியை யாரும் படிக்கவில்லை. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் ஒரே வம்சம். சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை பல வம்சங்கள். சென்னையில் ஒரு கிருமி பெருகிப் பரவவில்லை. ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாத கிருமிகள் பலவற்றின் கையில் ஒரே மரபணு இருந்தது. பிளாஸ்மிட் என்ற வட்டமான சிறு டி.என்.ஏ. துண்டில் ஏறி அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ கோலைக்கு, இனம் விட்டு இனத்துக்கே போகும். எங்கள் ஊர்க் கைமாற்றுப் பணம் மாதிரி. பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது, கடைசியில் யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் மாட்டுவார்.

அந்த மரபணுவின் பிறப்பே கலப்புதான். அதன் தொடக்கத்தில் உள்ள சிறு துணுக்கு, அமிக்காசின் வகை மருந்தை எதிர்க்கும் வேறொரு மரபணுவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஒட்டு அசினெடோபாக்டர் என்ற இன்னொரு கிருமிக்குள் நடந்திருக்கும் என்று கருதுகிறார்கள். வம்சம் தேடிப் போனால் ஒரு தாய் தகப்பன் கிடைப்பதில்லை.

இங்கேதான் சமயக் கேள்வி வருகிறது. வினை என்பதை நாம் எல்லாரும், சைவரோ வைணவரோ எங்களைப் போன்றவர்களோ, ஒரே மாதிரிதான் கற்பனை செய்கிறோம்: செய்தவனைத் தேடி வரும். சைவ சித்தாந்தத்தில் வினை சடம். அதற்குத் தானாக ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாது, இறைவன்தான் கொண்டுசேர்க்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஓர் இறைவன் இல்லை. வினையே நுண்ணிய பொருள். கோபமும் ஆசையும் கவனமின்மையும் உயிரைப் பிசுபிசுப்பாக்கும்போது அது ஒட்டிக்கொள்ளும், காலம் வந்தால் பலன் தந்து உதிரும். ஓர் உயிரின் வினையை இன்னோர் உயிர் அனுபவிக்க முடியாது. இந்த விதியில் எங்கள் ஆசாரியர்கள் அசைந்ததே இல்லை. இரண்டு தரப்பிலும் வினைக்குப் பாதை மேலிருந்து கீழ்தான்: அன்றைய நானிலிருந்து இன்றைய எனக்கு. பக்கவாட்டில் போகும் வினை என்று எந்தச் சாத்திரத்திலும் நான் படித்ததில்லை.

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஓர் இரத்தக் கல்ச்சர் வரும். குழந்தைக்கு வயது நாள் கணக்கில். எந்த மருந்துக்கும் மசியாத கிளெப்சியெல்லா. இந்தக் குழந்தை எந்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தியது? பெரியப்பாவிடம் கேட்டேன். "முற்பிறப்பு வினை" என்றார், சற்றுத் தயங்கித்தான். நான் விடவில்லை. "அந்தம்மாகிட்ட போய் இதைச் சொல்வீங்களா பெரியப்பா?" "சொல்ல மாட்டேன்மா. சொல்றதுக்கில்லை, புரிஞ்சுக்கிறதுக்கு." அந்தப் பதிலில் நேர்மை இருந்தது. எனக்குப் போதவில்லை.

பிறகு அவரே இரண்டு சொற்களை எடுத்துக் கொடுத்தார்: உபாதானம், நிமித்தம். எது விளைவாக மாறுகிறதோ அது உபாதானம். எது பக்கத்தில் நின்று அந்த மாற்றத்துக்கு இடம் தருகிறதோ அது நிமித்தம். பானைக்கு மண் உபாதானம், குயவர் நிமித்தம். இதைக் கேட்டதும் எனக்கு 1943 நினைவுக்கு வந்தது. சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்புருக்கும் அந்த ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்றை எங்கள் துறையில் எல்லாரும் படித்திருப்போம். ஈ கோலையைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, பிறகு அதைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் கொட்டினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்பு உண்டாகிறது என்றால் எல்லாத் தட்டிலும் பிழைத்தவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இல்லை. சிலவற்றில் ஒன்றுமே பிழைக்கவில்லை, சிலவற்றில் கூட்டம் கூட்டமாகப் பிழைத்தன. எதிர்ப்பு எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே, எங்கோ ஒரு தலைமுறையில், தற்செயலாகத் தோன்றியிருக்கிறது. 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி வெல்வெட் துணியில் கிருமிக் கூட்டங்களை ஒற்றியெடுத்து, தட்டிலிருந்து தட்டுக்கு அச்சாகப் பதித்து, மருந்துக்கும் இதுவே பொருந்தும் என்று காட்டினார்கள். ஆக, மருந்து நிமித்தம். உபாதானம் கிருமியிடம் முன்பே இருந்தது.

எவ்வளவு முன்பே? கனடாவின் யூகோனில் 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணில் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன என்று 2011இல் எழுதினார்கள். என் மனசுக்குப் பிடித்த சாட்சி ஐரோப்பிய முள்ளெலி. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ், அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., 1959இல் மெத்திசிலின் சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டில் பிரிட்டனில் தலைகாட்டியது. மருந்துதான் அதைப் பெற்றது என்று உலகமே நம்பியது. 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, டென்மார்க், சுவீடன் முள்ளெலிகளில் வாழும் ஒரு வகை எம்.ஆர்.எஸ்.ஏ.வின் வம்சத்தை நாடு நாடாகத் தொடர்ந்து, அது 1800களின் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்டியது. முள்ளெலியின் தோலில் ஒரு பூஞ்சை, பென்சிலின் வகை மருந்தைச் சுரக்கிறது; அதன் பக்கத்தில் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் தப்பிக்கக் கற்றுக்கொண்டது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் பிறப்பதற்கு முன்பே அந்த வழக்கு முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. கருத்தரங்குகளில் பலர் இதில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பு ஆதியிலிருந்தே உண்டு, இயற்கை, ஆகவே யார் மேலும் குற்றம் இல்லை என்று தேநீர் இடைவேளையில் நிம்மதியாகப் பேசுவார்கள்.   நிமித்தத்துக்குப் பொறுப்பே இல்லை என்று எங்கள் சமயம் எங்கும் சொல்லவில்லை. தத்வார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி இம்சைக்குச் சொல்லும் இலக்கணத்தில் முதலில் நிற்பது கொலை அல்ல, கவனமின்மை. கவனமற்ற செயலால் உயிர் பிரிவதுதான் இம்சை. பார்த்து நடப்பவர் காலடியில் ஒரு பூச்சி தானாக வந்து நசுங்கினால் கணக்கு வேறு. பாராமல் நடப்பவர் காலடியில் எதுவுமே நசுங்காவிட்டாலும் வினை ஒட்டும்.

கொலிஸ்டினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கப்பட்ட பழைய மருந்து. வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக அதைத்தான் நோயாளிக்குப் போடுகிறோம். அதையே கோழித் தீவனத்தில் கலந்தார்கள். நோய்க்காகக்கூட அல்ல, கோழி சீக்கிரம் எடை போடுவதற்கு. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது: பன்றிகளில், இறைச்சியில், நோயாளிகளில் எம்.சி.ஆர்.-1 என்ற கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு, அதுவும் பிளாஸ்மிட்டில். மற்ற நாடுகள் தங்கள் உறைபெட்டிகளில் சேர்த்து வைத்திருந்த பழைய கிருமிகளைத் தேட, டென்மார்க் உட்படப் பல இடங்களில் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. சுவீடன் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 1986லேயே நிறுத்திவிட்ட நாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீவனத்தில் கலந்த அந்தக் கொலிஸ்டின் நான்கு இம்சையில் எது? பெரியப்பாவும் நானும் இதை வைத்து ஒரு மதியம் முழுக்க மல்லுக்கு நின்றோம். வீட்டு வேலை அல்ல, ஆரம்பம் இல்லை. தாக்க வந்த நோய் இல்லை, ஆகவே விரோதமும் இல்லை. "உத்தியோகம்" என்றார் அவர், கோழி வளர்ப்பு ஒருவருடைய பிழைப்பு என்று. எங்கள் குலத்துக்கு விலக்கப்பட்ட பிழைப்பு என்றாலும். நான் ஒப்பவில்லை. தொழிலுக்கு இன்றியமையாமல் நேர்வதுதான் உத்தியோக இம்சை. எடைக்காக மருந்து கலக்காமலும் கோழி வளரும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இலிருந்து அப்படித்தான் வளர்க்கிறது. மிச்சம் இருப்பது சங்கற்பம் ஒன்றுதான். "யாரும் கொல்லணும்னு கலக்கலையேம்மா" என்றார். உண்மை. அதனால்தான் நமக்கு ஐந்தாவதாக ஒன்று தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்: செய்பவர் கண்ணில் படாத, வேறு நாட்டில், வேறு இனக் கிருமிக்குள், வேறு ஒருவர் குழந்தையிடம் பலன் தரும் இம்சை. பழைய ஆசாரியர்களுக்கு இது தெரியாமல் போனது குறை ஆகாது. பிளாஸ்மிட்டைப் பார்க்கும் கருவி அவர்களிடம் இல்லை.

பாட்டிக்கு இது ஓரளவு தெரிந்திருக்கிறது. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்ததுதான். வடிகட்டிய பிறகு அந்தத் துணியைச் சுத்தமான நீரில் அலசி, அலசிய நீரை இறைத்த கிணற்றிலேயே திரும்ப விடுவார். பக்கத்துக் கிணற்றில் ஊற்றிவிட்டால் அடி விழும். இந்தக் கிணற்று உயிர் அந்தக் கிணற்றில் பிழைக்காது, அந்தக் கிணற்று உயிருக்கும் இதனால் கெடுதல் என்பார். அவர் பார்த்ததெல்லாம் வந்தவாசி வட்டாரத்துக் கிணறுகள் சில. வால்ஷ் குழு டெல்லியில் எடுத்த 171 தேங்கிய நீர் மாதிரிகளில் 51இல், 50 குழாய் நீர் மாதிரிகளில் 2இல் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. காலரா கிருமிக்குள்ளேயும் ஏறியிருந்தது. வட துருவத்துக்கருகே ஸ்வால்பார்டில் 2013இல் தோண்டிய மண்ணிலும் இருந்ததாக 2019இல் எழுதினார்கள். பறவையோ மனிதரோ கொண்டுபோயிருக்க வேண்டும். இனி எந்தக் கிணற்றில் திரும்ப விடுவது?

குழந்தையின் வினை பற்றிய விவாதத்தில் நானும் பெரியப்பாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. குந்தகுந்தர் எதையும் இரண்டு நிலையிலிருந்து பார்க்கச் சொன்னவர்: உள்ளபடி பார்க்கும் நிச்சய நயம், உலக நடப்பில் பார்க்கும் விவகார நயம். நிச்சய நயத்தில் பெரியப்பாவை மறுக்க எனக்குப் படிப்பு போதாது. விவகார நயத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் பிரிவில் கை கழுவும் தொட்டியின் வடிகால் குழாயில் மாதிரி எடுத்தார்களா? அதில் வளர்ந்த கிளெப்சியெல்லாவின் எஸ்.டி. என்ன? குழந்தையுடையதும் தொட்டியுடையதும் ஒன்றானால், முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்து அதிலும் நெருக்கம் தெரிந்தால், அது அந்தப் பிரிவுக்குள்ளேயே கைவழியாகவோ தண்ணீர்வழியாகவோ போனது. எண் வேறு, பிளாஸ்மிட் மட்டும் ஒன்று என்றால் தேடல் இன்னும் நீளும். இரண்டும் வேறு என்றால் தாயிடமிருந்தோ வெளியிலிருந்தோ வந்திருக்கலாம். இந்த விடைகள் கைக்கு வந்த பிறகு முற்பிறப்பைப் பற்றிப் பேசலாம் என்றேன்.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "விடை வர்ற வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்? முதல்ல அந்தத் தொட்டியை மாத்தச் சொல்லு" என்றார்.